தோரப் மில்லின் பிறந்த தேதி

—பழத்துல கொட்டையை எடுத்துக்கிட்டே சொல்லுங்க பிரதர் ஸ்டாட். கை சும்மா இருந்தா உங்க வாய் ஊரைச் சுத்தும்.

—ஊரைச் சுத்தல சிஸ்டர் தோரப், வரிசையாச் சொல்றேன். முப்பத்தொரு வருஷம் சர்க்கரை ஆலையில மெக்கானிக்கா இருந்தவன் நான். ஒரு நட்டைக் கழட்டாம அடுத்த நட்டுக்குப் போகமாட்டேன்.

—நீங்க கழட்டி முடிக்கிறதுக்குள்ள இந்த ஆப்ரிகாட் அழுகிரும். இன்னைக்குத் திங்கள். வியாழக்கிழமை தண்ணிக் கேசு கோர்ட்டுக்கு வருது. மில்லுக்குத் தேதி கிடைச்சுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

—கிடைச்சுது.

—எந்த வருஷம்?

—ஆயிரத்தி எண்ணூத்தி எழுபத்திரெண்டு. ஏப்ரலுக்கு முன்னாடியே கட்டியாச்சு.

—நீங்க பங்கு வெச்சிருக்கிற ஊர் வாய்க்கால்?

—வெட்டி முதல் தண்ணி விட்டது எழுபத்திமூணு மே மாசம். அதுல சந்தேகமே கிடையாது. என் கொள்ளுத்தாத்தா அமாசா ஸ்டாட் மண்வெட்டி பிடிச்சவர். அன்னைக்கே உக்காந்து எழுதியும் வெச்சுட்டார்.

—அப்போ நாங்க ஒரு வருஷம் முந்தி!

—மில்லு ஒரு வருஷம் முந்தி.

—ரெண்டும் ஒண்ணுதானே. ஆதாரம் என்ன? அதைச் சொல்லுங்க முதல்ல. பூங்காவுல கல்லு நிக்குது, அதுல எழுதியிருக்குன்னு போன தடவை சொன்னதுக்கு, உங்க வாய்க்கால் சங்கத்து வக்கீல், அந்த சால்ட் லேக் நகரத்துப் பையன், கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான்.

—இதுக்குச் சிரிக்க முடியாது. ஞானஸ்நானப் பதிவு.

—ஞானஸ்நானத்துக்கும் மில்லுக்கும் என்ன?

—சபைப் பதிவேட்டுல ஒரு வரி இருக்கு. ‘ஏப்ரல் ஏழு. கிறிஸ்டீன் மோர்க், வயது எட்டு. தோரப் மில் குளத்தில். பனிக்கட்டியைக் கோடாரியால் உடைத்தோம்.’ வில்லோ ஓடையில முழங்காலுக்கு மேல ஆழம் எங்கேயும் கிடையாது. நம்ம சபையில ஆளை முழுசா முக்கணும், தலைமுடி மிதந்தாக்கூட மறுபடி முக்கணும். அதுக்குத் தேங்கின தண்ணி வேணும். ஊர்ல இருந்த ஒரே குளம் அதுதான்.

—எட்டு வயசுப் பிள்ளையை, ஏப்ரல் பனியிலயா!

—அந்தக் காலத்துப் பாவம் வெயில் வர்ற வரைக்கும் காத்திருக்காது போல.

—சரிதான் போங்க. அப்போ ஜெயிச்சாச்சு. பின்ன ஏன் இஞ்சி தின்ன குரங்கு மாதிரி உக்காந்திருக்கீங்க? உங்க சங்கம் தோத்துப் போகுதேன்னா?

—மில்லு தண்ணி குடிக்காது சிஸ்டர்.

—புரியிற மாதிரிச் சொல்லுங்க.

—குளத்துத் தண்ணி சக்கரத்துல விழுது. சக்கரம் சுத்துது. தண்ணி கீழே இறங்கி ஓடைக்கே போயிருது. ஒரு சொட்டு குறையாது. உங்க வீட்டுப் பெரியவர் யென்ஸ் தோரப் கட்டின மில்லுக்கு இருந்த உரிமை சக்கரம் சுத்துறதுக்கு. குடிக்கிறது யாரு? உங்க தோட்டம். கோர்ட்டு கேக்கப்போறது, அந்த நிலத்துக்கு முதல் தண்ணி எப்போ பாஞ்சுதுன்னு.

—நிலத்துக்கும் அப்பவேதான் பாஞ்சிருக்கும்.

—இருக்கும்னா எடுபடாது. ஆதாரம் வேணும்ல. காகிதத்துல உங்க நிலம் தலைகாட்டுறது எண்பத்தொன்பதுல. மில்லு எரிஞ்ச வருஷம். ‘எரிந்த மில்லின் தண்ணீரை வயலுக்குத் திருப்பினோம்’னு யென்ஸோட மகன் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கார். அவருக்கு மில்லு பெருசு. வயல் ஏதோ போனாப்போகுதுன்னு கடைசி வரியில.

—எண்பத்தொன்பது எங்கே, எழுபத்திமூணு எங்கே.

—பதினாறு வருஷம். முதல்ல வந்தவனுக்கு முதல் தண்ணி. ஊர் வாய்க்காலுக்கு வயிறு நிறைஞ்ச பிறகுதான் உங்களுக்கு. இந்த வருஷம் மலையில விழுந்த கொஞ்சப் பனிக்கு, ஜூலை முடியறதுக்குள்ள உங்க மடையில தவளைகூட நிக்காது.

—இப்பவே நிக்கல.

—வரும்போது பார்த்தேன்.

—நீங்க வழியில பார்த்தீங்க. நான் விடிஞ்சா எந்திரிச்சா பார்க்குறேன். என் வீட்டுக்காரர் லோவெல் நட்டது அறுபது மரம். அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு மரம் சாகவிடல. மேல் வரிசை இப்போ இலை சுருட்டுது. குளிக்கிற தண்ணியைக்கூட வாளியில கொண்டு போய் ஊத்துறேன். ஒரு மரத்துக்கு ஊத்தினா பக்கத்து மரம் என்னைப் பார்க்குது பிரதர் ஸ்டாட்.

—தெரியும் சிஸ்டர்.

—தண்ணி இல்லாட்டி அது தோட்டமில்ல, வீட்டு மனை. மனை போடுறவன் ஒருத்தன் ஞாயித்துக்கிழமைகூடப் போன் பண்றான். நான் ஆராதனையில இருக்கேன்னு சொன்னா, பரவாயில்ல, முடிச்சுட்டு வாங்கன்னு காத்திருக்கான்.

—உங்க வீட்டுல மில்லு மில்லுன்னு இவ்வளவு தம்பட்டம் அடிக்காம இருந்திருந்தா, நிலத்தைப் பத்தி யாராவது நாலு வரி எழுதி வெச்சிருப்பாங்க. ‘இப்பள்ளத்தாக்கின் முதல் மாவு மில்’. பூங்காவுல கல்லு, கல்லைச் சுத்திச் சங்கிலி, சங்கிலியைச் சுத்திப் பூச்செடி.

—என்னைச் சொல்லாதீங்க. அது என் மாமியார் பியூலா வெச்ச கல்லு. வருஷா வருஷம் ஜூலை இருபத்தி நாலாம் தேதி முன்னோடிகள் ஊர்வலத்துல அதை வண்டியில ஏத்தி, பக்கத்துல தோரப் வீட்டு மருமகளை உக்கார வெச்சுக் கையாட்டச் சொல்லுவாங்க. நாப்பத்தாறு வருஷமா ஆட்டுறேன். அடுத்த வாரத்துக்கும் தலைத்துணிக்குக் கஞ்சி போட்டு வெச்சாச்சு. அந்த அம்மா சாகும்போது என் கையைப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? பிள்ளையைப் பாத்துக்கோன்னு சொல்லல. மில்லு பேரைக் காப்பாத்துன்னாங்க.

—அந்தக் கல்லைப் பத்தியும் ஒண்ணு இருக்கு.

—அதையும் சொல்லிருங்க. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன.

—வெள்ளம் போனாத்தான் பரவாயில்லையே.

—சொல்லுங்கய்யா.

—போன வாரம் பூங்காவுல போய்க் குப்புறப் படுத்துப் பார்த்தேன். ரெண்டு பிள்ளைங்க ஓடி வந்து, தாத்தா மயங்கிட்டாருன்னு கத்துச்சு. மாவரைச்ச கல்லுன்னா முகம் தேஞ்சிருக்கணும். பள்ளம் பள்ளமா வெட்டியிருக்கிற கோடெல்லாம் மழுங்கியிருக்கணும். நடு ஓட்டையில இரும்பு அச்சு நின்ன துருவாவது இருக்கணும். ஒண்ணும் இல்ல. நேத்துச் செதுக்கின மாதிரி இருக்கு. அடியில கல்தச்சன் பேரும் வருஷமும் போட்டிருக்கு. நாப்பத்தியேழு.

—ஆயிரத்தி எண்ணூத்தி...

—தொள்ளாயிரத்தி நாப்பத்தியேழு. முன்னோர் சால்ட் லேக் வந்து நூறு வருஷம்னு பெரிய ஊர்வலம் நடந்துச்சே, அதுக்குச் செதுக்கினது. அந்தக் கல்லு ஒரு பிடி கோதுமையை அரைச்சதில்ல சிஸ்டர்.

—அந்த அம்மா தைரியமே தைரியம்.

—கோவம் வரலையா உங்களுக்கு?

—கோவத்துக்கு எல்லாம் வியாழக்கிழமைக்கு அப்புறம் நேரம் இருக்கு. கல்லு பொய்னா மில்லுமா பொய்? குளம் இருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க.

—குளம் நிஜம். சக்கரம் நிஜம். மாவுதான் இல்ல. அமாசாவோட நாட்குறிப்புல எழுபத்திநாலு அக்டோபர்ல எழுதியிருக்கார்: கோதுமையை ஏத்திக்கிட்டு மலை தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனேன், போக ஒரு நாள், வர ஒரு நாள், வழியில அச்சாணி முறிஞ்சுதுன்னு. ஏன் போனார்? வீட்டுல இருந்து கூப்பிட்டா கேக்குற தூரத்துல தோரப் மில்லு. யென்ஸ் டென்மார்க்காரர், அமாசா இல்ல; ஆனாலும் இந்த மலைநாட்டுக்கு ஒண்ணாக் கைவண்டி இழுத்து வந்த சிநேகிதங்க. சண்டைகூடக் கிடையாது.

—நீங்க என்ன நினைக்கிறீங்க?

—உங்க பின்பக்கக் கேட்டு தானா மூடுறதுக்கு எடையாத் தொங்குதே ஒரு இரும்பு உருளை. அதைக் கவனிச்சிருக்கீங்களா?

—கால்ல ரெண்டு தடவை இடிச்சிருக்கு.

—அதுக்கு ஒரு முனையில பல்சக்கரம் மாட்டின தடம் இருக்கு. உடம்பெல்லாம் நீளவாக்குல வரி. மூணு உருளையில ஒண்ணு அது. மூணையும் நெருக்கி நிறுத்தி நடுவுல சோளக்கரும்பைக் கொடுத்தா சாறு பிழியும். இரும்பு பொய் சொல்லாது. யென்ஸ் தோரப் நடத்தினது பாகு மில்லு. ரயில் வராத காலம், சர்க்கரை வராத ஊர். பிள்ளைங்க இனிப்புன்னு நாக்குல வெச்சதே சோளப்பாகுதான்.

—பாகு காய்ச்சினா என்ன கேவலம்? அதுக்கு எதுக்கு மாவுன்னு மாத்திச் சொல்லணும்?

—அது... அந்தப் பாட்டில் மூடியை இன்னும் இறுக்கணும், காத்து போகுது பாருங்க.

—மூடியை நான் பாத்துக்கறேன். எதுக்கு மாத்திச் சொல்லணும்?

—பாகோட நின்னிருந்தா மாத்தியிருக்க மாட்டாங்க.

—மேல?

—உங்க வீட்டுல உக்காந்து இந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுது.

—கூசினாலும் சொல்லுங்க.

—சாராயம்.

—நம்ம சபை விலக்கின காப்பிகூட வாசப்படி தாண்டாத வீடு இது, பிரதர் ஸ்டாட்.

—தெரியும். நாப்பது வருஷமா இங்கே எலுமிச்சை ஜூஸ்தான் குடிக்கிறேன். யென்ஸ் சபை மூப்பரா இருந்தவர். தெருவுக்கு அவர் பேரு வெச்சிருக்கு. பள்ளிக்கூடத்துல அவர் படம் தொங்குது, தாடியோட. எல்லாம் தெரியும்.

—ஆதாரம் வேணும்ல? நீங்க சொல்றதுதான்.

—பெட்டியில இருந்துச்சு.

—எந்தப் பெட்டி?

—மார்ச்சுல நீங்க குடுத்தீங்களே, மில்லு காகிதம்னு. தகரப் பெட்டி.

—அடி வரைக்கும் பார்த்துட்டீங்களா?

—ஞாயித்துக்கிழமை தவறாம ரொட்டி கொண்டு வந்து இதைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தீங்க. பார்த்துட்டேன். அடியில ஒட்டியிருந்த தாளுக்குக் கீழே கைவிட்டேன். ஒரு பக்கம். நாலா மடிச்சு. இந்தாங்க, இதுதான்.

—கையெல்லாம் சாறு. நீங்க படிங்க. சத்தமா.

—முழுசாவா?

—ஒரு எழுத்து விடாம.

—‘நவம்பர் ஒன்பது, ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு. சபை விசாரணை. மூப்பர் யென்ஸ் தோரப் சோளப்பாகில் சாராயம் வடித்து மலைச் சுரங்கத்தாருக்கு விற்கிறார் என்று புகார். சகோதரர் தோரப் எழுந்து சொன்னது: சோளம் என்னுடையது. குளத்துக்குக் கீழே என் நிலத்தில், என் மடைத் தண்ணீரில், நாலு கோடையாக நானே வளர்த்தது. மற்றவர் சோளக்கரும்பில் ஒரு தண்டையும் இதற்குப் பிழியவில்லை. என் சோளத்தை நான் என்ன செய்தாலும் அது என் பாடு. சபை அவரை ஆறு மாதம் மூப்பர் பொறுப்பிலிருந்து விலக்கியது. சகோதரர் தோரப் கதவை அறைந்துவிட்டுப் போனார். எழுதியது, அமாசா ஸ்டாட், எழுத்தர்.’

—கதவை அறைஞ்சதைக்கூட எழுதியிருக்கார்.

—எங்க ஆளுக்கு எதையும் விட்டு எழுதத் தெரியாது. ஆனா கதவை விடுங்க. நாலு கோடை. எண்ணுங்க. எழுபத்திநாலு, மூணு, ரெண்டு...

—எழுபத்தொண்ணு.

—எழுபத்தொண்ணு. ஊர் வாய்க்காலுக்கு ரெண்டு வருஷம் முந்தி. மில்லுக்கு இல்ல, நிலத்துக்கு. குளத்துக்குக் கீழே. உங்க அறுபது மரமும் நிக்கிறது அந்த மண்ணுலதான். சாராயக் கேசுல தப்பிக்க அந்த மனுஷன் சொன்ன பதில், நூத்தம்பது வருஷம் கழிச்சுத் தண்ணிக் கேசுக்குச் சாட்சியா வந்து நிக்குது. இதைவிட நல்ல ஆதாரம் இந்தப் பள்ளத்தாக்குலயே கிடையாது. இதைவிட மோசமானதும் கிடையாது.

—வக்கீல் பையன் இதைப் பொய்க் காகிதம்னு சொன்னா?

—சொல்லட்டும். சபையோட பழைய குறிப்பு நோட்டு என்கிட்ட இருக்கு, அமாசா வெச்சிருந்தது. நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துக்கும் நூத்திப் பதினஞ்சுக்கும் நடுவுல ஒரு தாள் கிழிச்சிருக்கு. இதை வெச்சுப் பார்த்தேன். கிழிசலோட ஒவ்வொரு பல்லும் உக்காந்துருச்சு. ஆறு மாசம் கழிச்சு மறுபடி மூப்பரான பிறகு யென்ஸே கிழிச்சிருக்கணும். கிழிச்சவர் ஏன் எரிக்கலைன்னுதான் தெரியல.

—தன் பேச்சு நல்லாத்தான் இருக்குன்னு தோணியிருக்கும். தோரப் வீட்டு ஆம்பளைங்களை எனக்குத் தெரியும்.

—இருக்கலாம்.

—எப்போ கிடைச்சுது உங்களுக்கு?

—ஒன்பது நாள் ஆச்சு.

—ஒன்பது நாளா? போன ஞாயித்துக்கிழமை ரொட்டி கொண்டு வந்தேனே, அப்போ ஏன் சொல்லல?

—அப்போ இந்தச் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. வெண்ணெய் தடவித் தின்னேன், சொல்லல.

—ஏன்?

—என் நிலம் ஊர் வாய்க்காலோட கடைமடை சிஸ்டர். உங்களுக்கு முதல் தண்ணின்னு கோர்ட்டு சொன்ன அன்னைக்கே எனக்கு வர்ற தண்ணி நின்னுரும். பதினாலு ஏக்கர் குதிரைமசால் தீவனம். ரெண்டாவது அறுப்பு முடிஞ்சுது, மூணாவது இல்ல. என் பெண்டாட்டி எர்மா போனதுக்கப்புறம் எனக்குன்னு இருக்குறது அந்தப் பயிரும் நாலு கிழட்டுக் குதிரையும்தான். முதல் நாள் கணக்குப் போட்டேன். ரெண்டாம் நாள் அடுப்பைப் பத்த வெச்சேன்.

—ஜூலை மாசத்துலயா?

—ஜூலை மாசத்துல. வேர்த்து ஊத்துது, இதைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒருத்தருக்கும் தெரியப்போறதில்ல. பெட்டியில இருந்ததை நான் ஒருத்தன்தான் பார்த்தேன்.

—அப்புறம்?

—கையெழுத்தைப் பார்த்தேன். அமாசாவும் யென்ஸும் ஆயிரம் மைல் ஒரே வண்டியை இழுத்தவங்க. அந்தச் சிநேகிதன் மேலேயே உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கார் மனுஷன். நான் இதைக் கொளுத்திட்டு, அப்புறம் மர அறுவை மில்லு, சுண்ணாம்புக் காளவாய், தோல் பதனிட்ட தொட்டி, பாகு மில்லுன்னு எழுதிக்கிட்டிருக்கிற ‘பள்ளத்தாக்கின் ஆரம்பத் தொழில்கள்’ புத்தகத்தைப் போட்டா, அதுல எந்த வரியை நானே நம்புவேன்? வெட்கமாப் போச்சு. அடுப்பை அணைச்சுட்டு வெளியில போய் உக்காந்துட்டேன்.

—அது மட்டும்தானா?

—ரொட்டியும்தான்.

—ரொட்டியா?

—நாலு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாமக் கொண்டு வர்றீங்க. உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டு அதை எப்படித் தின்னுறது? ஊர்லயும் வேற மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு புதுச் சட்டை வாங்கினேன். அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல.

—பார்த்தேன். கட்டம் போட்டது. கடை மடிப்புகூடக் கலையாம போட்டுட்டு வந்திருந்தீங்க.

—சரி, அதை விடுங்க. இப்போ முடிவு உங்க கையில. இந்தத் தாளைக் கோர்ட்டுல கொடுத்தா மரம் பிழைக்கும், தோரப் பேரு போகும். பூங்காக் கல்லு போகும். பள்ளிக்கூடத்துல படம் தொங்குமோ என்னவோ. சபையில பெண்கள் கூட்டத்துக்கு நீங்கதான் தலைவி. கொடுக்கலைன்னா எல்லாம் அப்படியே இருக்கும், மரத்தைத் தவிர. எனக்கு வேணும்னு எதையும் சொல்ல மாட்டேன். இன்னைக்கே முடிவு பண்ண...

—கொடுத்துருங்க.

—யோசிக்க வேண்டாமா?

—யோசிச்சாச்சு. யென்ஸ் தோரப்பை நான் பார்த்ததில்ல. லோவெலை நாப்பத்திநாலு வருஷம் பார்த்தேன், மண்டி போட்டு ஒவ்வொரு குழியா வெட்டினதை. எனக்குத் தாடிக்காரர் முக்கியமில்ல, மரம்தான் முக்கியம்.

—அப்போ வியாழக்கிழமை நீங்க எழுந்து நின்னு இதை...

—நான் இல்ல. நீங்க படிக்கணும்.

—நானா? நான் எதிர்க்கட்சிக்காரன்! வாய்க்கால் சங்கத்துல பங்கு இருக்குறவன்!

—அதனாலதான். நான் கொண்டு போனா, கிழவி தன் மரத்துக்காகக் காகிதம் தயார் பண்ணிட்டாம்பான் அந்தப் பையன். தண்ணியை இழக்கப் போறவனே கொண்டு வந்து படிச்சா என்ன சொல்லுவான்? கைக்குட்டையை எடுப்பானா?

—எடுக்க மாட்டான். ஆனா சங்கத்துக்காரங்க என்னை உயிரோட விடமாட்டாங்களே சிஸ்டர்.

—உங்களுக்கு எழுபத்தியேழு வயசு. மிச்சம் இருக்குறதை அவங்க எடுத்து என்ன பண்ணப் போறாங்க?

—அதுவும் சரிதான். இருந்தாலும் உங்க வீட்டு விஷயத்தை நீங்க சொல்றதுதான் முறை.

—இதை என் வாயால சொல்ல முடியாது பிரதர் ஸ்டாட். கேக்காதீங்க. நீங்க படிங்க, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். தலையைக் குனிய மாட்டேன், அது மட்டும் உறுதி.

—சரி. படிக்கிறேன்.

—இன்னொண்ணு. என் தோட்டத்து வடிகால் எங்கே போகுது?

—என் வேலியோரமாப் போய் ஓடையில சேருது.

—மரம் குடிச்சது போக மிச்சம் வடியும். லோவெல் இருந்தப்போ பாதித் தண்ணி அப்படித்தான் போகும், அவருக்கு அளவே தெரியாது. எனக்கும் தெரியாது. வேலிக்கு அடியில நீங்க ஒரு மண்வெட்டி மண்ணை எடுத்தா யாரு வந்து பார்க்கப் போறா?

—அதுக்கும் முறையா எழுதி அனுமதி வாங்கணும் சிஸ்டர்.

—வாங்குங்க, வாங்குங்க. அமாசாவோட கொள்ளுப்பேரன்தானே நீங்க. எழுதாம எப்படி?

—மூணாவது அறுப்பு முழுசா வராது. பாதி வரும்.

—பாதி வந்தா நாலு குதிரையும் பாதி தின்னட்டும். ஏற்கெனவே பீப்பாய் மாதிரிதான் இருக்கு.

—ஊர்வலத்துக்கு என்ன பண்ணப் போறீங்க? இருபத்தி நாலாம் தேதி வண்டி வந்து நிக்கும். வியாழக்கிழமை கதை அதுக்குள்ள பக்கத்து ஊருக்கும் போயிருக்கும்.

—உக்காருவேன். கஞ்சி போட்ட தலைத்துணி வீணாப் போகணுமா? கல்லை மட்டும் இறக்கிட்டு, அந்தக் கேட்டுல தொங்குற உருளையை ஏத்தச் சொல்லுங்க. மெக்கானிக் நீங்க, நீங்களே நிறுத்தி வைங்க. பக்கத்துல உக்காந்து கையாட்டுறேன்.

—பலகையில என்ன எழுதட்டும்?

—பாகு மில்லுன்னு எழுதுங்க. மிச்சத்தை ஊரே சொல்லிக்கும்.

—அப்போ நான் கிளம்புறேன். தாளை நானே வெச்சுக்கட்டுமா?

—நீங்களே வைங்க. அந்தச் சட்டைப் பையிலயே. ரெண்டு பாட்டில் எடுத்துக்கோங்க, இன்னும் சூடு ஆறல, துணியில புடிங்க.

—சிஸ்டர் தோரப், ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல.

—இன்னும் ஒரு நட்டு பாக்கியா?

—பெட்டி அடியில இதை மறைச்சு ஒட்டியிருந்த அந்த மேல்தாள். தாள் என்னமோ பழசுதான், பழுப்பாத்தான் இருந்துச்சு. ஆனா பசை வெள்ளை வெளேர்னு இருந்துச்சு, வாசனைகூடப் போகல. கத்தி வைக்கிறதுக்குள்ள உரிஞ்சு வந்துருச்சு. மைதாப் பசை. யென்ஸ் காலத்துப் பசைன்னா எலி விட்டு வெச்சிருக்குமா? யாரு ஒட்டியிருப்பா?

—பியூலா சாகும்போது உங்க பையில இருக்கிற இந்த விசாரணைத் தாளை என் கையில வெச்சு, இதைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க, பிரதர் ஸ்டாட். திறக்கல. பசை காய்ச்ச மாட்டேன்னு நான் யாருக்கும் சத்தியம் பண்ணல.